'போர்ட்ரெய்ட்': தொழிலாளர் படத்துக்கு ஒரு சொல்

கோவையிலிருந்து:
வணக்கம். ஒளிப்பட வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கலிபோர்னியாவின் ரிச்மண்ட் கப்பல் கட்டும் தளத்தில் 1943இல் இ. எஃப். ஜோசப் எடுத்த படம்: மூன்று கறுப்பினப் பெண் வெல்டர்கள், முகக்கவசத்தைத் தலைக்கு மேலே ஏற்றிவிட்டு நிற்கிறார்கள். ஆங்கிலத்தில் 'போர்ட்ரெய்ட்' எனப்படும் இவ்வகைப் படத்துக்குத் தமிழில் என்ன பெயர்? 'உருவப்படம்' என்றாலே மாலை அணிவித்து அஞ்சலி செலுத்துவதுதான் நினைவுக்கு வருகிறது.

தஞ்சையிலிருந்து:
தொழிற்கோலம். மணக்கோலம், தவக்கோலம், போர்க்கோலம் இருக்கின்றனவே. சிலம்பின் வேட்டுவ வரியில் எயினர் (வேடர்) மகளுக்குப் பன்றிக் கொம்பைப் பிறையாகச் சாத்தி, புலிப்பல் தாலி பூட்டி, கொற்றவையாகக் கோலம் புனைகிறார்கள். அது வெறும் உடுப்பா? கொள் என்னும் வேரிலிருந்து கோள், அதிலிருந்து கோலம் வந்திருக்கலாம். ஒருவர் தாமே மேற்கொள்ளும் உரு என்பது என் துணிபு.

சென்னையிலிருந்து:
ளகரம் எப்படி லகரமானது ஐயா? ஒரு சான்றாவது காட்டுங்கள். மாணவர்களுக்கு வாசல் கோலம்தான் தோன்றும். 'பணியிட முகப்படம்' போதும். அதே 1943இல் இங்கிலாந்தின் டைன்சைடு கப்பல் கட்டும் தளங்களில் ஒளிப்படக் கலைஞர் செசில் பீட்டன் எடுத்த தொழிலாளர் படங்களுக்கும் அது பொருந்தும்.

தஞ்சையிலிருந்து:
பணியிடம் என்றால் காலிப் பணியிடம் அல்லவா! சான்று தேடி அனுப்புகிறேன்.

கோவையிலிருந்து:
படத்தின் மூலக்குறிப்பைப் பாருங்கள். 'ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்' கப்பலில் தங்கள் முதல் எஃகுத் துண்டைப் பற்றவைக்கும் வாய்ப்புக்காக மூவரும் காத்திருக்கிறார்கள் என்கிறது. வேலை இன்னும் தொடங்கவில்லை. தளத்து வெல்டர்களுக்கான கொதிகலத் தொழிலாளர் சங்கம் கறுப்பினத்தாரைத் தனித் துணைக்கிளைகளில் ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. அப்படிப்பட்ட இடத்தில் தோல் உடுப்பும் கையுறையுமாக நிமிர்ந்து நிற்பதுதான் படமே. அதனால் எனக்குக் கோலம் பிடிக்கிறது.

மதுரையிலிருந்து:
சரி, நேரமில்லை. தொழிற்கோலப் படம் என்றே போடுங்கள்.

ஈரோட்டிலிருந்து:
எனக்கும் சம்மதம். அப்புறம், 'வெல்டர்' அப்படியே இருக்கட்டும். அதையும் கிளறினால் வெள்ளிக்கிழமை போய்விடும்.

சென்னையிலிருந்து:
நான் உடன்படவில்லை. மூவரின் முகத்தை விட்டு உடுப்பைப் பார்க்கச் சொல்கிறது அந்தச் சொல். முதல் இடத்திலாவது 'முகப்படம்' என்பதையும் அடைப்புக்குறிக்குள் சேருங்கள்.