கட்டடத்துக்கு ஒப்புதல், ஆசிரியர்களுக்கு ஒத்திவைப்பு

குழு: வேப்பமரத்து வீடு
ஞாயிற்றுக்கிழமை

காலை 7:42
கயல்: [படம்: நாளிதழ் துணுக்கு]
நான் ஒப்பந்தத்தில் பாடம் நடத்தும் பல்கலைக்கழகத்தின் சிண்டிகேட், அதாவது ஆட்சிக்குழு, நேற்றுக் கூடியது. அறிவியல் துறைகளுக்கு நான்கு மாடியில் புதுக் கட்டடம், ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். உதவிப் பேராசிரியர் நியமனத்துக்கு ஒரே வரி: ஒத்திவைக்கப்பட்டது. இது மூன்றாவது தடவை.

7:45
மல்லிகா: அடக் கடவுளே. இந்தத் தடவை நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள் என்றுதானே சொன்னாய் கண்ணு?

7:46
கயல்: விண்ணப்பம் வாங்கினார்கள், கட்டணம் வாங்கினார்கள், அசல் சான்றிதழ்களையும் சரிபார்த்தார்கள் அத்தை. அதற்குமேல் நகரவில்லை.

7:50
வசந்தா: ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை இவள். அண்ணா, நீங்கள் பல்கலைக்கழகத்தில் சிண்டிகேட் பிரிவிலேயே இருந்தவர். கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்.

8:04
செந்தில்: அப்பா நடக்கப் போயிருக்கிறார் அத்தை. கட்டடத்துப் பக்கம் நான் சொல்கிறேன். கயல், கட்டடத்துக்கு வருவது பெரும்பாலும் ஒரு தடவை மட்டும் கிடைக்கும் திட்ட நிதி. ரூசா என்ற உயர்கல்வி நிதித் திட்டம் 2013இல் வந்தது, 2023இல் அதற்குப் பிஎம் உஷா என்று பெயர் மாறியது. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று போடுகிற பணம். அதை உரிய காலத்துக்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பினால்தான் அடுத்த தவணை வரும். அதனால்தான் கட்டடக் கோப்பு மட்டும் வேகமாக ஓடுகிறது. அந்தப் பணத்தை எடுத்துச் சம்பளம் போடவும் முடியாது.

8:09
கயல்: நிதித் தலைப்பு வேறு என்பது புரிகிறது அத்தான். ஆனால் ரூசாவிலேயே ஆசிரியர் நியமனத்துக்கு உதவி என்று ஒரு கூறு இருந்தது. காலியிடங்களை நிரப்புகிறோம் என்று மாநிலங்கள் ஒப்புக்கொண்டுதான் அந்த நிதியையே வாங்கின. பணத்தை நினைவு வைத்துக்கொண்டவர்கள் வாக்கை மறந்துவிட்டார்கள்.

8:11
கயல்: கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். எங்கள் ஆய்வகத்தில் மழைக்காலத்தில் நிறமாலைமானிகளுக்கு மேல் பழைய பேனர் துணியைப் போர்த்தி வைக்கிறோம். மூன்றாவது மேசைக்கு நேர் மேலே கூரை ஒழுகுகிறது. அந்த மேசையில் வேலை செய்யும் மாணவர்கள் வாளியை நகர்த்திவிட்டுத்தான் அளவு எடுப்பார்கள். புதுக் கட்டடம் கட்டாயம் வேண்டும். ஆனால் அதற்குள் நின்று பாடம் நடத்தப்போவது யார்? எங்கள் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் மூன்று பேர்தான் இருக்கிறார்கள். அதிலும் துறைத்தலைவர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார்.

8:36
சுந்தரம்: இப்போதுதான் வந்தேன். கயல், நேற்று நீ போட்டிருந்தால் நேற்றே பேசியிருப்பேனே அம்மா. பொறு, கண்ணாடி எடுத்துக்கொண்டு வந்து தட்டச்சு செய்கிறேன்.

8:58
சுந்தரம்: சிண்டிகேட் பிரிவில் அஜெண்டா தயாரித்தவன் என்பதால் சொல்கிறேன். கட்டடம் என்றால் வழி நேரானது. மதிப்பீடு, கட்டடக் குழு, நிதிக்குழு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், பிறகு 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிச் சட்டப்படி டெண்டர். ஒவ்வொரு படியிலும் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பது தெளிவு. அவசரம் என்றால் டேபிள் அஜெண்டாவாகக் கூட வந்துவிடும், கூட்டம் தொடங்கிய பிறகு தாளை எல்லார் முன்னாலும் வைப்போம்.

நியமனம் அப்படி இல்லை. முதலில் அந்த இடத்தை நிரப்ப அரசின் அனுமதி. அப்புறம் இனச்சுழற்சி. 69 விழுக்காட்டு இட ஒதுக்கீட்டை 200 புள்ளிப் பட்டியலில் பொருத்தி, எந்த இடம் யாருக்கு என்று முடிவு செய்ய வேண்டும். இதில் ஒரு புள்ளி தவறினால் மறுநாளே நீதிமன்றம், அது சரியும்கூட. அடுத்து விளம்பரம், விண்ணப்பப் பரிசீலனை, தேர்வுக் குழு. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிப்படி அந்தக் குழுவுக்குத் தலைவர் துணைவேந்தர், இல்லையென்றால் அவர் நியமிக்கிற ஒரு மூத்த பேராசிரியர். வெளியிலிருந்து வரும் பாட வல்லுநர் இரண்டு பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும். துணைவேந்தரே இல்லாத பல்கலைக்கழகத்தில் அந்த நாற்காலியில் யார் உட்காருவது? உங்கள் கோப்பு நிற்கிற இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

9:02
கயல்: ஆமாம் மாமா. எங்களுக்கும் துணைவேந்தர் இல்லை, அவர் இடத்தில் நிர்வாகம் பார்க்கிற கன்வீனர் குழுதான்.

9:05
சுந்தரம்: சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே அந்த நிலைதான் வந்தது. 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்த பிறகு கன்வீனர் குழு. புதுத் துணைவேந்தருக்கான தேடுதல் குழுவில் யுஜிசி பிரதிநிதி இருக்க வேண்டுமா என்று ஆளுநருக்கும் அரசுக்கும் இழுபறி. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், ஆளுநர் நிறுத்திவைத்த பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. துணைவேந்தரை அரசே நியமிக்க வழி பிறந்தது என்று நினைத்தோம். மே 21 அன்று அரசே நியமிக்கலாம் என்ற பகுதிக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. மேலே நடக்கிற வழக்குக்குக் கீழே உன்னைப் போன்ற பிள்ளைகள் வயதைக் கொடுக்கிறீர்கள்.

9:07
மல்லிகா: இவர் எழுதி முடிப்பதற்குள் தோசை ஆறிவிட்டது. சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.

9:40
கணேசன்: மச்சான் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சேப்பாக்கத்தில் கடற்கரைச் சாலையில் நிற்கிற சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லம், ராபர்ட் சிஷோம் கட்டியது, 1874இல் தொடங்கி 1879இல் முடிந்தது. அத்தனை பெரிய மண்டபம் எழுந்தபோது பல்கலைக்கழகத்துக்கென்று ஒரு பேராசிரியர்கூடக் கிடையாது. 1857இல் தொடங்கியபோது அது தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கிற அமைப்புதான், பாடம் எல்லாம் கல்லூரிகளில். இந்திய வரலாற்றுத் துறை 1914இல் வந்தது, எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் பேராசிரியரானார். 1915இல் பொருளாதாரத்துக்கு கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். தன் மாணவர்களை அவரவர் கிராமத்துக்கே அனுப்பிக் கணக்கெடுக்க வைத்தார். கட்டடம் முடிந்து முப்பத்தைந்து ஆண்டு கழித்துத்தான் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியர் என்று ஒருவர். அன்றைக்கு அது தேர்வு நடத்தத்தான் இருந்தது, அதனால் பொறுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு வகுப்பில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

9:43
செந்தில்: செனட் இல்லம் தெரியும் மாமா. ஆசிரியர் இல்லாமல் கட்டினார்கள் என்பது எனக்குப் புதிது.

9:51
கணேசன்: இன்னொன்று, கணக்கு வாத்தியாராக இருந்தவன் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1913இல் ராமானுஜன் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. கையில் பட்டம் இல்லை. பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவித்தொகை முதுகலைப் பட்டதாரிகளுக்குத்தான் என்று விதி இருந்தது. கணிதப் பாடக்குழு பரிந்துரைத்தது, சிண்டிகேட் ஏற்றுக்கொண்டது. மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்ன ஆராய்ச்சி செய்தாய் என்று அறிக்கை கொடுக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. ஒழுங்காகக் கொடுத்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார். ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஒரு நாள் மனது வைத்ததால் நடந்த காரியம் அது.

9:55
கயல்: அப்பா, எனக்காக யாரும் விதியைத் தளர்த்த வேண்டாம். இருக்கிற விதிப்படி கூடி, தகுதியானவர் யாரோ அவருக்குக் கொடுத்தால் போதும். அது நானாக இல்லாமல் போனாலும் சரி, தெரிந்துவிடும். இப்போது நடப்பது அதுவும் இல்லை.

9:58
கயல்: 2021 ஜூலைக்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக முனைவர் பட்டம் கட்டாயம் என்றார்கள். அதற்காகத்தான் கல்யாணப் பேச்சைக்கூடத் தள்ளிவைத்து ஆய்வேட்டை முடித்தேன். அப்புறம் 2023க்குத் தள்ளினார்கள். 2023 ஜூலையில் நெட், செட் என்ற தகுதித் தேர்வில் தேறியிருந்தாலே போதும் என்று மாற்றினார்கள். பட்டம் வீணில்லை, விண்ணப்பங்களைச் சலிக்கும்போது அதற்கு 30 மதிப்பெண் இருக்கிறது. ஆனால் கற்பித்த அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2, அதிகபட்சம் 10. ஐந்து ஆண்டோடு நின்றுவிடும். நான் ஆறாவது ஆண்டு கற்பிக்கிறேன், பத்தாவது ஆண்டு கற்பித்தாலும் அதே 10தான். அந்த மதிப்பெண்ணும் நேர்காணலுக்கு யாரைக் கூப்பிடுவது என்பதற்கு மட்டும். ஆளைத் தேர்ந்தெடுப்பது நேர்காணலில்தான்.

10:01
வசந்தா: சம்பளத்தையும் சொல்.

10:03
கயல்: அரசுக் கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000 என்றார்கள், அதுவும் பதினொரு மாதத்துக்கு. எனக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. நிரந்தர உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியமே 57,700. யுஜிசி 2019இல் ஒரு வகுப்புக்கு 1,500, மாதத்துக்கு 50,000 வரை கொடுக்கலாம் என்று எழுதியது. அதே செய்முறை வகுப்பு, அதே விடைத்தாள் திருத்தம், அதே ஆய்வகச் சாவி.

10:20
சுந்தரம்: சாப்பிட்டாயிற்று. அந்தக் கடைசிச் செய்தியைப் பார்த்து மனது கனத்துப்போனது அம்மா.

நியமனம் நடந்தால் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். தேர்வுக் குழுவின் முடிவு அரக்கு வைத்த உறையில் வரும், ஒரு துறைக்கு ஒரு உறை. பதிவாளர் உறையைத் தூக்கிக் காட்டுவார், முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று உறுப்பினர்கள் பார்த்தபிறகுதான் வெட்டுவார். உள்ளே ஒரே ஒரு தாள், பெயர்கள், கையெழுத்துகள். மினிட்ஸ் எழுதுகிற நாங்கள் பக்கத்துச் சிறிய மேசையில் இருப்போம். பெயரை எழுதும்போது இன்ஷியல் தவறக்கூடாது என்று இரண்டு தடவை கேட்டுக்கொள்வேன். ஒரு இன்ஷியலுக்காக ஒருவருக்கு ஆணை நான்கு மாதம் தள்ளிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

எத்தனையோ கூட்டத்தில் கட்டடமும் நியமனமும் ஒரே அஜெண்டாவில், அடுத்தடுத்த எண்ணில் வந்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பேசியவர் மிகக் குறைவு. இத்தனை வகுப்பறை கட்டுகிறோமே, அதற்கு எத்தனை ஆசிரியர் என்று ஒரே ஒரு மூத்த உறுப்பினர் கேட்பார். அந்தக் கேள்வியை மினிட்ஸில் ஏற்றச் சொல்லுவார். ஏற்றுவோம். அவர் பதவிக்காலம் முடிந்தபிறகு அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. கட்டடத்துக்கு ஒப்புதல் கொடுக்கிற தீர்மானத்திலேயே ஆசிரியர் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். அது இல்லாத தீர்மானம் பாதித் தீர்மானம் என்பதுதான் அன்றும் இன்றும் என் எண்ணம்.

10:26
செந்தில்: அப்பா, அந்த மினிட்ஸை நாம் பார்க்க முடியுமா? ஒத்திவைத்ததற்குக் காரணம் எழுதியிருப்பார்களே.

10:33
சுந்தரம்: கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். நான் இப்போதே எழுதுகிறேன். கேள்வியை அளந்து கேட்க வேண்டும். ஏன் ஒத்திவைத்தீர்கள் என்று கேட்டால் கருத்துக் கேட்கிறாய் என்று திருப்பிவிடுவார்கள். இன்ன தேதிக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பின் நகல், இன்ன எண்ணுள்ள பொருளுக்கான அலுவலகக் குறிப்பின் நகல், துறைவாரியாக அனுமதிக்கப்பட்ட இடங்கள், காலியிடங்கள். இவ்வளவுதான்.

10:35
கயல்: என் பெயரில் போட்டால் அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா மாமா?

10:36
சுந்தரம்: என் பெயரில் போடுகிறேன். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, பயப்பட ஒன்றும் இல்லை.

10:37
கணேசன்: என் பெயரிலும் ஒன்று போடுங்கள் மச்சான். தபால் செலவு நான் பார்த்துக்கொள்கிறேன்.

10:44
சுந்தரம்: சரி மாப்பிள்ளை, இரண்டாகப் போடுவோம். கயல், இதைவிட அவசரமான வேலை ஒன்று உனக்கு இருக்கிறது. உன் துறைத்தலைவர் மாதக் கடைசியில் போகிறார் என்றாயே. ஆறு ஆண்டுக்கும் தனித்தனியாக அனுபவச் சான்றிதழ் வாங்கிவிட்டாயா?

10:46
கயல்: நான்கு ஆண்டுக்குத்தான் இருக்கிறது. மற்றது கேட்டபோது பிறகு பார்க்கலாம் என்றார்.

10:48
சுந்தரம்: நாளைக்கே வாங்கு. அவர் போய்விட்டால் அடுத்து வருபவர், என் காலத்தில் நடந்தது இல்லையே என்பார். சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணி, எந்தத் தாள். நியமன ஆணை எண்ணையும் சேர்க்கச் சொல். சம்பளம் வரவு வைத்த வங்கிப் பக்கங்களை நகல் எடுத்துக் கூடவே வைத்துக்கொள்.

10:50
கயல்: நாளை முதல் இரண்டு மணி செய்முறை வகுப்பு. அது முடிந்ததும் நேராக அவர் அறைக்குப் போகிறேன்.

10:51
சுந்தரம்: அலுவலக முத்திரையைப் பார்த்து வாங்கு. இன்ஷியலையும் அங்கேயே சரிபார்த்துவிடு.