போர்டு கம்ப்யூட்டருடன் பேச மறுத்த அனுபவங்கள் — உங்களுடையதையும் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

வணக்கங்க. இங்கே தென்னந்தோப்பு மோட்டார்களுக்கான கண்ட்ரோலர் போர்டுகளை சர்வீஸ் பார்க்கிறேன். கோயம்புத்தூரில் ஒருவர் டிசைன் பண்ணிய எஸ்டிஎம்32எஃப்407 மைக்ரோகன்ட்ரோலர் சிப் வைத்த போர்டு ஒன்று வந்தது. கம்ப்யூட்டரிலிருந்து சிப்புக்குப் புரோகிராம் ஏற்றும் எஸ்டி-லிங்க் டாங்கிளை மாட்டினால் "டார்கெட் இல்லை" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. அவர் அதற்குள் டிரைவரை மாற்றி, கேபிளை மாற்றி, லேப்டாப்பையும் மாற்றிப் பார்த்துவிட்டார்.

இந்த மாதிரி நேரத்தில் சாஃப்ட்வேரைத் தொடுவதற்கு முன்னால் மீட்டரை எடுப்பதுதான் என் வழக்கம். சப்ளை பின்கள் எல்லாவற்றிலும் 3.3 வோல்ட் இருந்தது. பலர் விட்டுவிடும் விடிடிஏ (அனலாக் சப்ளை) பின்னிலும் இருந்தது. ரீசெட் பின்னில் வோல்டேஜ் மேலே (ஹை), சிப் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் பூட்0 பின்னில் கீழே (லோ), எல்லாம் சரி. அடுத்து விகேப் பின்கள். சிப்புக்குள் இருக்கும் ரெகுலேட்டர் அங்கேதான் 1.2 வோல்ட்டை வெளியே காட்டும். இரண்டிலும் தலா 2.2 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் கட்டாயம் வேண்டும். புரோபை வைத்தேன், எண் ஒரு இடத்தில் நிற்கவே இல்லை. லென்ஸில் பார்த்தால் இரண்டு பேடும் காலி, ஈயம் மட்டும் பளபளவென்று இருக்கிறது! இரண்டையும் வைத்து சால்டர் பண்ணியதும் சிப் உடனே பதில் சொன்னது.

அதே எஸ்டிஎம்32 குடும்பத்து எஃப்103 போர்டில் தொல்லை வேறு மாதிரி. முதல் தடவை புரோகிராம் ஏறும், அடுத்த தடவை ஏறாது. பின்களுக்கு வேலை ஒதுக்கும் கியூப்எம்எக்ஸ் சாஃப்ட்வேரில் டீபக் (கம்ப்யூட்டரிலிருந்து சிப்பைச் சோதிப்பது) என்ற இடத்தில் சீரியல் வயர் என்று தேர்ந்தெடுக்காமல் விட்டால், ஏறிய புரோகிராமே, எஸ்டி-லிங்க் பேசும் பிஏ13, பிஏ14 பின்களை டீபக் வேலையிலிருந்து எடுத்துவிடும். சிப் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பூட்0-வை 3.3 வோல்ட்டில் கட்டி ரீசெட் கொடுத்தால் அந்தப் புரோகிராம் ஓடாது, அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றலாம். ரீசெட்டில் பிடித்தபடி கனெக்ட் செய்யும் வழியும் உண்டு. ஆனால் விலை மலிவான டாங்கிள்கள் பலவற்றில் ரீசெட் என்று எழுதியிருக்கும் பின் எஸ்டிஎம்8 என்ற வேறு வகை சிப்புக்கானது. அப்போது ரீசெட் பட்டனைக் கையால் அழுத்திக்கொண்டு, கனெக்ட் கொடுக்கும் நொடியில் விட வேண்டும். நாலைந்து தரம் பொறுமையாகச் செய்தால் பிடித்துவிடும்.

நகரியிலிருந்து:

அண்ணா, விகேப் விஷயத்துக்கு ரொம்ப நன்றி. எங்கள் ஊரில் விசைத்தறிகள் நிறைய. தறி எத்தனை சுற்று ஓடியது என்று எண்ண இஎஸ்பி32 என்ற வேறொரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு போடுகிறோம். ஒரு போர்டு மேஜையில் நன்றாக ஓடும், தறியில் மாட்டினால் "ஃப்ளாஷ் ரீட் எரர்" என்று சொல்லிச் சொல்லி ரீசெட் ஆகும். சென்சார் வயரைக் கழற்றினால் சரியாகிவிடும். தறியின் அதிர்வு, மின் இரைச்சல் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உண்மையில் சென்சார் வந்து சேர்ந்த பின் ஜிபிஐஓ12. பவர் வரும் நேரத்தில் அந்தப் பின் ஹையாக இருந்தால், ஃப்ளாஷுக்கு (புரோகிராம் இருக்கும் மெமரி) 1.8 வோல்ட் போதும் என்று சிப் எடுத்துக்கொள்ளும். மாட்யூலில் இருப்பதோ 3.3 வோல்ட் ஃப்ளாஷ். சென்சாரின் புல்-அப் ரெசிஸ்டர்தான் அதை ஹையாக்கியது. டிராக்கை வெட்டி வேறு பின்னுக்கு ஜம்பர் போட்டோம், பிரச்சினை போயிற்று.

கஞ்சிக்கோட்டிலிருந்து:

இரண்டு பேரும் எழுதியது அருமை. கான்டாக்டர் (மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் பெரிய சுவிட்ச்) பக்கத்தில் நீளமான ஜம்பர் வயரில் டீபக் செய்தால் தொடர்பு நடுநடுவே அறுந்துபோகும். எஸ்டபிள்யூடி (மேலே சொன்ன சீரியல் வயர் டீபக்) வேகத்தை 4 மெகாஹெர்ட்ஸிலிருந்து 480 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பாருங்கள், கிரவுண்ட் வயரையும் சிக்னல் வயர்களோடு சேர்த்தே கொண்டு போங்கள்.

கொழிஞ்சாம்பாறை நண்பருக்கு ஒரு வார்த்தை. மோட்டார் போர்டுகளில் பல, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கெபாசிட்டர் வழியாக 230 வோல்ட்டிலிருந்து நேராக சப்ளை எடுப்பவை. அதில் போர்டின் கிரவுண்டே லைனில் இருக்கலாம். மெயின்ஸ் இருக்கும்போது யுஎஸ்பி மாட்டினால் லேப்டாப்போடு ஆளுக்கும் ஆபத்து. பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டர் வடிந்ததை மீட்டரில் பார்த்துவிட்டு, வெளியிலிருந்து தனியாக 3.3 வோல்ட் கொடுத்துப் புரோகிராம் பண்ணுங்கள். ஓடும்போதே டீபக் செய்தாக வேண்டுமென்றால் யுஎஸ்பி ஐசொலேட்டர் (லேப்டாப்பையும் போர்டையும் மின்சாரத்தில் பிரித்து வைக்கும் கருவி) இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.