‘ஆன்’ என்ற ஒரு சொல்

சீனாவின் செங்டூ நகரில் மாலை வகுப்பில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். துணிக்கடை நடத்தும் ஓர் அம்மாவிடம் விடுமுறை எப்படிப் போனது என்று கேட்டேன். “மை ஹஸ்பண்ட் சீட்டட் ஆன் மீ” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு வியர்த்துவிட்டது. கணவருக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு என்றல்லவா அதற்குப் பொருள்! அவரோ நிதானமாகத் தொடர்ந்தார். ஹாட்பாட் கடைக்குப் போகலாம் என்று கிளப்பிய கணவர், நேரே மாமியார் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாராம். அவ்வளவுதான்.

‘ப்ளே எ ட்ரிக் ஆன்’ (ஒருவரை விளையாட்டாக ஏமாற்றுவது) என்று முந்தின வாரம் நான் நடத்தியதிலிருந்து அந்த ‘ஆன்’ வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழி என்னுடையதுதான்.

மீதிப் பழி ‘பியென்’ என்ற சீனச் சொல்லுக்கு. பொய், மோசடி, விளையாட்டு எல்லாம் அதற்குள் அடக்கம். நம்ப முடியாததைக் கேட்டால் “நி பியென் வோ!” என்பார்கள், நாம் “சும்மா சொல்லாதே” என்பதுபோல. சொன்னவனே பிறகு “பியென் நி த” என்பான்: சும்மா சொன்னேன். அதையே ஒரு மாணவன் “ஐ சீட் யூ” என்று பெயர்த்தால், ஆங்கிலேயர் காதில் அது குற்ற ஒப்புதல். (அந்தச் சீன எழுத்தின் இடப்பக்கம் குதிரை நிற்கிறது. பழைய பொருள், குதிரைமேல் தாவி ஏறுவது. ஏமாந்தவன் முதுகை நினைத்தால் பொருத்தம்தான்.)

தேர்வில் காப்பி அடிப்பதும் ஆங்கிலத்தில் ‘சீட்’. சீனத்தில் அது வேறு சொல், ‘ட்சுவோபி’. மணத் துரோகத்துக்கு ‘சூக்வெய்’. ரயில் தடம் புரள்வதற்கும் அதே சொல். பலகையில் தண்டவாளம் வரைந்து, “‘சீட்’டுக்குப் பின் ‘ஆன்’ போட்டு ஓர் ஆளைச் சொன்னால் இந்தப் பொருள்தான்” என்றேன். அந்த அம்மா படத்தைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார், உடனே கைப்பேசியை எடுத்தார். அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவருக்கும் அதே வாக்கியத்தை அனுப்பியிருந்தாராம்.

* * *

செங்டூ ஆசிரியருக்கு ஒரு வாசகர் எழுதுகிறார்: சீனர்களை மட்டும் சொல்வானேன்? ஷென்ஜெனில் வேலை பார்த்தபோது, பாட்மின்டன் ஆட வருவதாகச் சொன்ன பிரிட்டிஷ் நண்பர் வரவில்லை. மறுநாள் “யூ சீட்டட் மீ” என்றேன். மனத்தில் இருந்தது, ‘ஏமாந்துபோனேன்’ என்ற நம் சொல். எதிர்பார்த்தது நடக்காத வருத்தமும் நமக்கு ஏமாற்றம்தானே! பக்கத்து மேசைச் சீனர் சிரித்தார். பிரிட்டிஷ்காரர் முகம் சிவந்து, “எவ்வளவு பணம்?” என்று கேட்டார்.