‘பாட்டா வீடு’ குழுவில் ஓர் இரவு: மரமும் நட்சத்திரமும் வந்த வழி

குழு விளக்கம்: கேரளத்தின் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் மறக்காமலிருக்க, இங்கே அனைவரும் தமிழ் எழுத்தில், முழு வாக்கியங்களாக எழுத வேண்டும்.

*பாறசாலை அத்தை (இரவு 7.42):*
எனக்கு இன்று ஒரு செய்தி வந்தது. கிறிஸ்துமஸ் மரம், நட்சத்திரம், தாத்தா எல்லாமே ரோமாபுரியின் சூரிய வழிபாட்டிலிருந்து எடுக்கப்பட்டவை என்றும், அவற்றை வீட்டில் வைப்பது பாவம் என்றும் அதில் எழுதியிருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்காகச் சவுக்குக் கொப்பு ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். வேண்டாமென்று சொல்லிவிடவா? தம்பி, நீ சரித்திரம் படிப்பித்தவன்தானே, சொல்.

*தக்கலை சித்தப்பா (8.05):*
அக்கா, கொப்பு வரட்டும். செய்தியை எழுதியவர் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறார். சூரியனைப் பற்றிய பேச்சுக்குத் தேதி விஷயத்தில் மட்டும் ஓரளவு இடமுண்டு. வேதாகமத்தில் பிறந்த தேதி இல்லை. பேரரசர் அவுரேலியன் 274-இல் ‘வெல்லப்படாத சூரியன்’ என்ற தெய்வத்துக்கு ரோமில் கோயில் கட்டினார்; 354-இல் தொகுக்கப்பட்ட ஒரு ரோம நாட்காட்டியில், அந்த ‘வெல்லப்படாதவனின்’ பிறந்தநாளும் கிறிஸ்துவின் பிறப்பும் டிசம்பர் 25 என்றே குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் மரியாள் கருவுற்ற நாள் மார்ச் 25 என்று பழைய சபையார் கணக்கிட்டு, அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணியே இந்தத் தேதிக்கு வந்தார்கள் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

பாவம் என்ற வாதமும் புதிதல்ல. 1647-இல் இங்கிலாந்தின் நாடாளுமன்றமே கிறிஸ்துமஸைத் தடை செய்தது. தடை செய்தவர்களும் கிறிஸ்தவர்களே.

*களியக்காவிளை மைனி (8.11):*
மாமா, சபைச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லூத்தர் பனி இரவில் காட்டு வழியே நடந்தபோது மரங்களுக்கிடையே நட்சத்திரங்களைக் கண்டு, வீட்டுக்கு வந்து ஒரு மரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார் என்று ஓய்வுநாள் பள்ளியில் எங்களுக்குச் சொன்னார்களே?

*தக்கலை சித்தப்பா (8.24):*
அழகான கதைதான், மகளே. ஆனால் அதற்கு லூத்தர் காலத்துச் சான்று எதுவும் இல்லை. ஜெர்மானியர் நாட்டில் டிசம்பர் 24 ஆதாம் ஏவாளின் நாளாக இருந்தது; அன்று ஏதேன் தோட்ட நாடகம் போடுவதற்கு, பனிக்காலத்திலும் இலை உதிராத மரமொன்றில் ஆப்பிள்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். நாம் கடையில் வாங்கும் சிவப்பு உருண்டைகளுக்கு அந்த ஆப்பிள்தான் மூத்தது என்பார்கள். 1605-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து வீடுகளின் உள்ளறைகளில் மரம் நட்டு, வண்ணத்தாளில் செய்த ரோஜாக்களையும் ஆப்பிள்களையும் இனிப்புகளையும் தொங்கவிட்டதாக எழுத்துச் சான்று இருக்கிறது.

அங்கிருந்து இங்கிலாந்துப் பொதுமக்களிடம் அது வர இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விக்டோரியா அரசியும், ஜெர்மானியரான அவர் கணவர் ஆல்பர்ட்டும் பிள்ளைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படத்தை 1848-இல் லண்டன் பத்திரிகையொன்று வெளியிட்ட பிறகே ஊரெல்லாம் மரம் வைக்க ஆரம்பித்தது. லண்டன் மிஷன் ஊழியரான ரிங்கல்தௌபே ஐயர் திருவிதாங்கூருக்கு வந்தது 1806-இல். ஆகவே மயிலாடியில் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்ற நம் முன்னோர்கள் கிறிஸ்துமஸ் மரம் என்ற ஒன்றைக் கேள்விப்பட்டிருக்கவே வழியில்லை என்றே நினைக்கிறேன்.

*நான் (8.31):*
அப்படியென்றால் இயேசு பிறந்த இடத்தைக் காட்ட நாம் வைக்கும் புல்கூடு, மரத்துக்கு மூத்ததா, சித்தப்பா?

*தக்கலை சித்தப்பா (8.37):*
ஆம். 1223-இல் இத்தாலியின் கிரெச்சோ என்ற மலையூரில், அசிசியின் பிரான்சிஸ் ஒரு முன்னணையில், அதாவது மாட்டுத் தீவனத் தொட்டியில், வைக்கோல் போட்டு, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் பக்கத்தில் நிறுத்தி ஆராதனை நடத்தச் செய்தார். குழந்தை இயேசு பட்ட வறுமையைக் கண்ணால் காண வேண்டும் என்பதே நோக்கம். ஒன்றைக் கவனியுங்கள்: லூக்காவின் நற்செய்தியில் முன்னணை உண்டு, மாடும் கழுதையும் இல்லை. “மாடு தன் எஜமானையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும்” என்ற ஏசாயாவின் வசனத்திலிருந்து அவை வந்து சேர்ந்தன. குழந்தையைக் காண வந்த சாஸ்திரிகள் மூவர் என்றும் மத்தேயு சொல்லவில்லை, காணிக்கைகள்தாம் மூன்று.

*அண்ணன் மகன் (8.40):*
சின்னப் பாட்டா, நம் வீட்டில் தாத்தாவைப் பாட்டா என்று அழைக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு வருகிறவர் மட்டும் ஏன் தாத்தா?

*தக்கலை சித்தப்பா (8.46):*
அவர் நம் ஊர்க்காரர் இல்லையே! இன்றைய துருக்கியிலிருக்கும் மீரா என்ற பட்டினத்தில் நான்காம் நூற்றாண்டில் நிக்கோலாஸ் என்ற ஆயர் இருந்தார். ஓர் ஏழையின் மூன்று பெண்களுக்குத் திருமணச் செலவுக்காக இரவில் பொற்காசு போட்டுவிட்டுப் போனவர் என்பது அவரைப் பற்றிய கதை. டச்சுக்காரர் வாயில் அவர் சின்டர்கிளாஸ் ஆனார், அமெரிக்காவில் சான்டா கிளாஸ். தொப்பையும் தாடியும் தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் 1863 முதல் வரைந்த படங்களில் உருப்பெற்றன. சிவப்பு உடுப்பைக் கோகோ கோலா கொடுத்தது என்பார்கள். அது தவறு, அவர்கள் விளம்பரத்துக்கு முன்பே அவர் சிவப்பில் வந்திருக்கிறார்.

*களியக்காவிளை மைனி (8.50):*
கேக் நம் பக்கத்தது, மாமா. 1883-இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர், ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி கொடுத்த மாதிரியைப் பார்த்துச் செய்தார் என்று கேரளத்தில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கென்னவோ முந்திரிகொத்துக்குப் பிறகுதான் கேக்.

*பாறசாலை அத்தை (8.53):*
அது சரி. நட்சத்திரத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே, தம்பி.

*தக்கலை சித்தப்பா (9.08):*
அதைத்தான் கடைசியில் சொல்ல வைத்திருந்தேன், அக்கா. பெத்லகேமின் நட்சத்திரம் மத்தேயுவில் இருக்கிறது. வாசலில் விளக்கோடு தொங்கும் காகித நட்சத்திரத்தின் புகழ்பெற்ற வகையொன்று ஒரு கணக்கு வகுப்பில் பிறந்தது. ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் மொரேவிய சபையார் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பள்ளி நடத்தினார்கள். ஊழியத்துக்காகத் தொலைதூரம் போன பெற்றோரின் பிள்ளைகளும் அப்பள்ளிகளில் தங்கிப் படித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கன உருவங்களைக் கற்பிப்பதற்காகத் தாளை மடித்து நட்சத்திரம் செய்யவைத்தார்கள். பிறகு கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வாரங்களும் அதைத் தொங்கவிடுவது வழக்கமாயிற்று. இதில் சூரிய தேவனுக்கு எங்கே இடம்?

*அண்ணன் மகன் (9.20):*
சின்னப் பாட்டா, அந்த நட்சத்திரத்தின் படத்தைத் தேடிப் பார்த்தேன். நடுவிலுள்ள உருவத்துக்கு 18 சதுரமும் 8 முக்கோணமுமாக 26 முகங்கள் இருக்கின்றன. ஒன்றைத் தொங்கவிடுவதற்கு விட்டுவிட்டால் 25 கூர்கள் வரும். மூங்கில் பத்தையில் ஐந்து கூர் கட்டுவதைவிட இது கடினம். ஆனால் அட்டையில் வெட்டி ஒட்டினால் எனக்கு வரும் என்று நினைக்கிறேன்.

*பாறசாலை அத்தை (9.26):*
செய், மக்களே. மார்த்தாண்டத்துக்கு வரும்போது சிவப்பும் வெள்ளையுமாகத் தாள் வாங்கிக்கொள். கொப்பு 22-ஆம் தேதி வந்துவிடும். தம்பி, நீ அன்று காலையிலேயே வந்து மண் நிரப்பிய வாளியில் அதை நேராக நட்டுத் தர வேண்டும், போன வருடம் இரண்டு தடவை சாய்ந்தது.