பிறந்த குழந்தையின் முதுகில் முடி: எங்கள் வீட்டுக் கதை

என் மகள் 33 வாரத்தில் பிறந்தாள். தோள், முதுகு, காது மடல் எங்கும் பூனைமுடி. கடலை மாவை உருட்டித் தேய்த்தால் உதிர்ந்துவிடும் என்று மாமியார் கிண்ணத்தோடு வந்துவிட்டார். செவிலியர்தான் தடுத்தார். குறைமாதக் குழந்தையின் மேல்தோல் மிக மெல்லியது, தேய்த்தால் முடிக்கு முன்னால் தோல் உரியும் என்றார்.

அந்த முடிக்கு லானுகோ என்று பெயராம். ஐந்தாம் மாதவாக்கில் கருவின் உடம்பெங்கும் படர்ந்து, எட்டாம் மாதத்தில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். என் மகள் அவசரக்காரி, அதற்கு முன்பே வந்துவிட்டாள். கருவின் தோலில் வெண்ணெய்போலப் படியும் வெள்ளைப் பூச்சைப் பிடித்து வைப்பது இந்த முடிதான். பனிக்குட நீரில் தோல் ஊறிப்போகாமல் காப்பது அந்தப் பூச்சு. உதிர்ந்த முடியெல்லாம் எங்கே போகும் என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. பனிக்குட நீரோடு குழந்தையே விழுங்கிவிடுமாம். பாட்டிமார் காட்டுப்பீ என்பார்களே, அந்த முதல் மலத்தில் அதுவும் உண்டு.

சில வாரங்களில் முதுகு தானாகவே வழுவழுப்பாகிவிட்டது. மாவு பஜ்ஜிக்குப் போயிற்று.

மறுமொழி 1

எங்கள் பையனுக்கு மூன்றாம் மாதம் பின்மண்டையில் மட்டும் வழுக்கை. பழி முழுவதும் தூளித் துணிக்கு. தோல் மருத்துவர் வேறு சொன்னார்: முன்தலை முடி கருப்பையிலேயே ஒரு சுற்று உதிர்ந்து முளைத்துவிடும். பின்மண்டை முடி பிரசவம்வரை வளர்ந்துகொண்டே இருந்து, பிறகு மொத்தமாக ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதத்தில் கூட்டமாகக் கொட்டும். துணி உரசுவது கூடுதல் உதவி, அவ்வளவுதான்.

அதே வாரங்களில் எனக்கும் சீப்பு நிறைய முடி. குழந்தை முகம் பார்த்துச் சிரித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்பார் அம்மா. கர்ப்பத்தில் ஹார்மோன் தாங்கிப் பிடித்திருந்த முடிதான் அது, சிரிப்பு பாவம். ஆனால் அம்மாவின் நாள் கணக்கு தப்பவில்லை!

மறுமொழி 2

அடர்த்தியாக முளைக்கும் என்று இரண்டு முறை மொட்டை போட்டோம். முடிக்குழிகள் கருவிலேயே அமைந்துவிடுகின்றன, கத்தி வெட்டுவது உயிரற்ற தண்டைத்தான் என்று பிறகுதான் படித்தேன். வெட்டிய முனை மொண்ணையாக இருப்பதால் தடித்ததுபோல் தெரிகிறதாம். இவ்வளவும் தெரிந்துகொண்டு மூன்றாவது மொட்டைக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். குலதெய்வத்திடம் போய் முடிக்குழி விளக்கம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.