கேம்பாய் சேகா: 75 டியூட்டியும் 25 டியூட்டியும் ஒன்றா, இல்லையா?

பதினாறுபடி (குவாத்ர் போர்ன்):
போர்ட் லூயிஸ் தம்பி நேற்று ஒரு சேகா (மொரீசியஸ் நாட்டுப்புற இசை) மெட்டை, கேம்பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் செய்து போட்டிருக்கிறார். மெட்டு நன்றாகவே இருக்கிறது. அதன் கீழே, லீடுக்கு (முதன்மை மெட்டுக்கு) எந்த டியூட்டி (ஒரு சுற்றில் அலை எத்தனை சதவீதம் மேலே நிற்கிறது) என்று எழுதிய குறிப்புதான் பொறுக்கவில்லை: "லீடுக்கு 25 டியூட்டி போட்டால் மூக்கால் பாடுற மாதிரி இருக்கும். 75 போடுங்க, சத்தம் கனமாகும்." இதைப் படித்துவிட்டு நாலு பிள்ளைகள் 75-ஐப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். 75-ம் 25-ம் ஒரே சத்தம். பல்ஸ் (சதுர அலை) சேனலில் ஒரு சுற்றுக்கு எட்டுப் படி; 1 என்றால் மேலே, 0 என்றால் கீழே. 25 என்றால் 10000001. 75 என்றால் 01111110. ஒன்றைக் கவிழ்த்தால் மற்றது. இரண்டிலும் நாலாவது, எட்டாவது, பன்னிரண்டாவது ஹார்மோனிக் (அடிச் சுருதியின் மடங்கு) இல்லை, மற்றதெல்லாம் அதே அளவு. கவிழ்த்ததைத் தனியாகக் கேட்டால் காதுக்குத் தெரியாது. கனம் எங்கிருந்து வந்தது?

போர்ட்லூயிஸ்_பீப்:
அண்ணே, நான் கேட்டுப் பார்த்துத்தான் எழுதினேன். வித்தியாசம் இருக்கு. ஹெட்போன் போட்டுக் கேளுங்க.

பதினாறுபடி:
எந்த மெஷின்?

போர்ட்லூயிஸ்_பீப்:
கேம்பாய் அட்வான்ஸ் எஸ்.பி.

பதினாறுபடி:
எஸ்.பி.யில் ஹெட்போன் துளையே கிடையாது.

போர்ட்லூயிஸ்_பீப்:
சார்ஜர் துளையில் மாட்டுற அடாப்டர் இருக்கு. அது தெரியாதா உங்களுக்கு?

பதினாறுபடி:
தெரியும். அட்வான்ஸின் இரைச்சலும் தெரியும். 1989-ல் வந்த பழைய செங்கல் கேம்பாயில் ஒலிக் கட்டுப்பாட்டுக் குமிழிலிருந்தே ஒயர் எடுத்து வெளியே விட்டு ஒருமுறை கேளுங்கள், பிறகு கனம் பற்றிப் பேசலாம். இல்லையா, 25-ஐயும் 75-ஐயும் தனித்தனியாகப் பதிவு செய்து, படிக்குப் படி ஒட்டவைத்துக் கூட்டுங்கள். ஒன்றும் கேட்காது. ஒன்று ஏறும் இடத்தில் மற்றது இறங்குகிறது. வேறு வேறு சத்தம் என்றால் மிச்சம் ஏதாவது கேட்க வேண்டாமா?

போர்ட்லூயிஸ்_பீப்:
பாட்டை யாரும் கூட்டிக் கழிச்சுக் கேட்கிறதில்லை அண்ணே. என் மெட்டில் ரெண்டு பல்ஸும் ஒரே ஸ்வரம். ஒண்ணு 25, இன்னொண்ணு 75. அதில் கேளுங்க. ரெண்டும் 25-ஆ இருந்தால் அந்தச் சத்தம் வராது. அப்போ 75 வேறதானே?

பதினாறுபடி:
குறிப்பில் அப்படியா எழுதினீர்கள்? "லீடுக்கு 75" என்றுதான் இருக்கிறது. ரெண்டு சேனலைக் கலந்தால் கதையே வேறு. அதிலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஸ்வரத்தை மறுபடி தட்டினாலும் பல்ஸ் சேனல் முதல் படிக்குத் திரும்பாது. ஒலிப் பகுதியையே அணைத்துப் போட்டால்தான் திரும்பும். அதனால் ரெண்டு சேனலும் ஒன்றுக்கொன்று எந்த இடத்தில் நிற்கும் என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். இன்றைக்குக் கனமாகக் கேட்டது நாளைக்கு மெலிந்து கேட்கும். கனம் வேண்டுமென்றால் இரண்டாவது சேனலின் சுருதியைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள், அல்லது 50 போடுங்கள்.

போர்ட்லூயிஸ்_பீப்:
"மாறும்"னு நீங்களே சொல்லிட்டீங்க. நான் சொன்னதும் அதுதான்.

பதினாறுபடி:
நீங்கள் சொன்னது அதுவல்ல. 75 கனம் என்று சொன்னீர்கள். 75-ம் 25-ம் ஒரே சத்தம்.

சாட்ஸ்வர்த்_சிப்:
டர்பனிலிருந்து எழுதுறேன். இந்த வம்பே வேண்டாம்னுதான் நான் கேம் கியர்ங்கிற வேற கைக்கருவி வச்சிருக்கேன். மூணு சதுர சேனலும் 50-லேயே நிக்கும். டியூட்டியே கிடையாது.

பதினாறுபடி:
பேச்சு கேம்பாயைப் பற்றி. கேம் கியரில் வேவ் சேனலும் (அலை வடிவத்தை நாமே வரைகிற சேனல்) கிடையாது. ரவான் (சேகாவின் தோல் பறை) அடியை எதில் வைப்பீர்கள்? 109 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தச் சதுரம் இறங்காது. கேம்பாய் வேவ் 32 ஹெர்ட்ஸ் வரை போகும்.

சாட்ஸ்வர்த்_சிப்:
109-னு யார் சொன்னது?

ரோஸ்ஹில்_அக்கா:
ரெண்டு பேரும் லீடை விட்டு இறங்கவே மாட்டீர்களா? சேகாவைத் தூக்கி நிறுத்துவது ரவானும் மராவானும் (விதை போட்டு ஆட்டும் வாத்தியம்). அதைக் கேட்க ஒருத்தரும் இல்லை. நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன். ரவானுக்கு வேவ் சேனல். 32 புள்ளி, ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரை. வட்டமான அலையாக வரைந்து, சுருதியை மேலே ஆரம்பித்துச் சட்டென்று கீழே விடுவேன். அடி விழுந்தாகிவிட்டது. வால்தான் கஷ்டம். இந்தச் சேனலுக்கு ஒலி முழுசு, பாதி, கால், இல்லாவிட்டால் மௌனம், அவ்வளவுதான். பல்ஸில் மாதிரி மெல்ல மங்காது. அதனால் கேம்பாயில் இசை எழுதும் எல்.எஸ்.டி.ஜே. மென்பொருளில் பதினாறு அலைகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றின் உயரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பேன். உயரம் நாலு படிக்கு வந்ததும் வட்டம் உடைந்து படிக்கட்டாகிவிடும், கடைசியில் ஒரு கரகரப்பு கேட்கும். அதை நான் எடுக்க மாட்டேன். நெருப்பில் காட்டாமல் எடுத்த ரவானின் தளர்ந்த தோல் அப்படித்தான் பேசும். மராவானுக்கு நாய்ஸ் (இரைச்சல்) சேனல், நீண்ட வரிசையான 15 பிட். ஆறு தட்டில் முதல் தட்டும் நாலாவது தட்டும் கொஞ்சம் நீளமாக, மற்றவை நறுக்கென்று. 7 பிட் போடாதீர்கள், 127 படியிலேயே திரும்பித் திரும்பி வந்து உலோகச் சுருதி கேட்கும். முக்கோணக் கம்பிக்கு அது சரி.

செந்தெனி_மலோயா:
அக்கா சொல்கிற மராவான் எங்கள் ரியூனியனின் கயாம்ப்தான். கரும்புப் பூக்காம்பைக் கட்டி உள்ளே விதை போட்டு ஆட்டுவது. கயாம்ப் என்றே எழுதலாமே?

ரோஸ்ஹில்_அக்கா:
மொரீசியஸில் அதன் பெயர் மராவான். நீங்கள் சொல்லி இங்கே யாரும் மாற்ற மாட்டார்கள். 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய சேகாவில் அதுவும் இருக்கிறது.

செந்தெனி_மலோயா:
எங்கள் ரியூனியன் இசையான மலோயா 2009-லேயே ஏறிவிட்டது.

ரோஸ்ஹில்_அக்கா:
முதலில் ஏறியதற்காக எங்கள் வாத்தியத்தின் பெயரையும் எடுத்துக்கொண்டு போவீர்களா?

போர்ட்லூயிஸ்_பீப்:
அக்கா, உங்க ரவான் அலை பிரமாதம். என் லீடு கேட்டீங்களா? 75 கனமா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

பதினாறுபடி:
அவரை ஏன் இழுக்கிறீர்கள்? போன காவடிக்கு நாதஸ்வரம் என்று ஒன்று போட்டீர்களே, அதற்கும் இப்படித்தான் ஒரு குறிப்பு எழுதினீர்கள்: "12.5 போட்டால் சீவாளி சத்தம் வந்துடும்." சீவாளியின் குணம் ஸ்வரம் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. 12.5-ல் தொடங்கி 25-க்கு நழுவ விட வேண்டும், எல்.எஸ்.டி.ஜே.யின் ஒரு டேபிளில் (கட்டளைப் பட்டியலில்) ரெண்டு வரி. ரொட்ரிக்ஸ் தீவு அக்கார்டியன் வேண்டுமென்றாலும் அதே வழி, 25-ல் தொடங்கி 50-க்கு. ஒற்றை எண்ணைப் போட்டுவிட்டு வாத்தியத்தின் பெயரை வைத்தால் வாத்தியம் ஆகிவிடுமா?

போர்ட்லூயிஸ்_பீப்:
அதானே பார்த்தேன். காவடிக் கோபம் இன்னும் தீரலை. உங்க மெட்டை விட்டுட்டு எல்லாரும் என்னுதைப் பாராட்டினாங்க, அந்த வயிற்றெரிச்சல். 75 சும்மா ஒரு சாக்கு.

பதினாறுபடி:
பாராட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். 10000001. 01111110. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

போர்ட்லூயிஸ்_பீப்:
காதுதான் பதில். அடுத்த மெட்டுக்கும் லீடு 75 தான்.

செந்தெனி_மலோயா:
கயாம்புக்கு 15 பிட் சரி, ஆனால் என்வலப் (ஒலியளவின் போக்கு) ஏறி இறங்க வேண்டும். விதை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சரிகிறது, தட்டி விழுவதில்லை. அக்கா சொன்ன "நறுக்கென்று" தப்பு.

ரோஸ்ஹில்_அக்கா:
உங்கள் கயாம்புக்கு அது தப்பாக இருக்கலாம். நான் எழுதியது மராவானுக்கு.

சாட்ஸ்வர்த்_சிப்:
109-க்கு இன்னும் யாரும் ஆதாரம் தரலை.

பதினாறுபடி:
கேம் கியர் ஒலிச் சிப்பின் கடிகாரம் நொடிக்கு 35,79,545 துடிப்பு; அதை 32-ஆல் வகுங்கள், வந்ததை 1,023-ஆல் வகுங்கள். 109 வரும். பீப் தம்பி, கூட்டிப் பார்த்தீர்களா இல்லையா?