டச்பேட் அழுந்த மாட்டேன் என்கிறது, நானே மாற்றலாமா?

நெல்லைவாசி (ஞாயிறு, இரவு 9.10)

எல்லோருக்கும் வணக்கம். என் லேப்டாப்புக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. 15.6 அங்குலத் திரை, ஐ5, 8 ஜிபி ரேம். ஒரு மாதமாக டச்பேட் தொல்லை. விரலை ஓட்டினால் கர்சர் ஒழுங்காக நகர்கிறது. அழுத்தினால்தான் அந்த 'டிக்' வருவதில்லை. முதலில் இடது பக்கம் மட்டும் கல் மாதிரி இருந்தது, இப்போது முழுவதுமே அப்படி ஆகிவிட்டது. மவுஸ் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்தில் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், "டச்பேட் போயிடுச்சு, 4,500 ஆகும்" என்றார்கள். அதே பாகம் ஆன்லைனில் 900 ரூபாய்க்கு இருக்கிறது. மிக்ஸி கப்ளர், ஃபேன் கெப்பாசிட்டர் எல்லாம் நானே மாற்றியிருக்கிறேன். லேப்டாப்பை மட்டும் திறந்ததில்லை. வீட்டில் ட்யூஷன் எடுக்கிறேன், நாள் முழுக்க சார்ஜரிலேயேதான் இருக்கும். நானே மாற்றலாமா? என்ன ஸ்க்ரூடிரைவர் வாங்க வேண்டும்?

விண்டோஸ்பித்தன் (ஞாயிறு, இரவு 9.32)

டிவைஸ் மேனேஜரில் டச்பேட் டிரைவரை (அதை இயக்கும் மென்பொருள்) அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் போடுங்கள். தானாகவே திரும்ப ஏறிக்கொள்ளும். எனக்கு அதிலேயே சரியானது.

நெல்லைவாசி (ஞாயிறு, இரவு 10.05)

செய்து பார்த்துவிட்டேன் தம்பி. ஒரு மாற்றமும் இல்லை.

மதுரைக்கடை (திங்கள், காலை 7.15)

டிரைவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை மேடம். கர்சர் நகர்கிறது என்றால் டச்பேடின் சர்க்யூட் நன்றாகத்தான் இருக்கிறது. அழுந்தவில்லை என்றால் கீழேயிருந்து ஏதோ முட்டுகிறது. டச்பேடுக்கு நேர் கீழே இருப்பது பேட்டரி. பாகம் எதுவும் ஆர்டர் போட வேண்டாம், பொறுங்கள்.

லேப்டாப்பை அணைத்து, மூடி, சமமான இடத்தில் வையுங்கள். ஒரு மூலையை விரலால் அழுத்தினால் மறு மூலை தூக்குகிறதா? அடி மூடியும் மேல் பகுதியும் சேரும் விளிம்பில், முன்பக்கம் நடுவில், இடைவெளி தெரிகிறதா? பார்த்துச் சொல்லும் வரை சார்ஜில் போடாதீர்கள்.

நெல்லைவாசி (திங்கள், காலை 8.40)

சமையல் மேடை கிரானைட்டில் வைத்தேன். ஆடுவதா! விரலால் தள்ளினால் பம்பரம் மாதிரி சுற்றுகிறது. முன்விளிம்பு இடுக்கில் ஏடிஎம் கார்டு தாராளமாக நுழைகிறது. இத்தனை நாள் கண்ணில் படவேயில்லை. மேஜை விரிப்பு மேல் வைத்திருந்ததால் தெரியவில்லை போல. இப்போது பயமாக இருக்கிறது.

மதுரைக்கடை (திங்கள், காலை 9.20)

பேட்டரி உப்பிவிட்டது, சந்தேகமே வேண்டாம். பயப்படுங்கள், ஆனால் பதற வேண்டாம்.

உள்ளே இருப்பது லித்தியம் பாலிமர் செல், வெள்ளிக் காகிதப் பை மாதிரி. 100 சதவீத சார்ஜில், சூட்டில், மாதக்கணக்கில் இருந்தால் அதற்குள் இருக்கும் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வாயுவாகும். வெளியேற வழியில்லாமல் பை உப்பும். நாள் முழுக்க சார்ஜரில், அதுவும் நெல்லை வெயிலில் என்றால் கேட்கவே வேண்டாம். டச்பேடுக்கு ஒன்றும் ஆகவில்லை, பேட்டரி அதைக் கீழேயிருந்து நெம்பிக்கொண்டிருக்கிறது.

திறப்பதற்கு முன் சார்ஜரைச் செருகாமல் ஓட்டி 20 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிடுங்கள். சார்ஜ் குறைய குறைய ஆபத்தும் குறையும். ஓடும்போது பக்கத்திலேயே இருங்கள். சூடு ஏறினாலோ நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி இனிப்பு வாடை வந்தாலோ உடனே அணைத்து மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ கொண்டுபோய்விடுங்கள். அப்புறம் அதைத் திறக்கும் பேச்சே வேண்டாம்.

பிஎச்0 அளவு பிளஸ் தலை ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும். மூடியை நெம்ப இரும்பு எதையும் எடுக்காதீர்கள். சிம் கார்டு வருமே, அந்தப் பிளாஸ்டிக் அட்டைதான் சரியான ஆயுதம்.

ஓட்டைவாளி (திங்கள், காலை 11.02)

இதற்கு ஏன் இவ்வளவு? என் போன் பேட்டரி உப்பியபோது ஊசியால் ஒரு குத்து குத்தி காற்றை இறக்கிவிட்டு, டேப் ஒட்டி ஆறு மாதம் ஓட்டினேன்.

மதுரைக்கடை (திங்கள், காலை 11.10)

தம்பி, நீங்கள் தப்பித்தது அதிர்ஷ்டம். ஊசி உள்ளே இரண்டு தகடுகளையும் சேர்த்துத் தொட்டால் அங்கேயே ஷார்ட், நொடியில் தீ. என் கடையில் வேலைக்கு இருந்த பையன் ஸ்க்ரூடிரைவர் முனையால் தெரியாமல் கீறி, மேஜை கருகியதை என் கண்ணால் பார்த்தவன் நான். உப்பிய பேட்டரியைக் குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், மடக்காதீர்கள். இதை யாராவது தேடிப் படித்தால் மேலே உள்ள யோசனையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

வால்டேஜ்வாசு (திங்கள், மாலை 6.30)

புது பேட்டரி வாங்கும்போது ஒரு கவனம். லேப்டாப் மாடல் பெயரை வைத்து வாங்காதீர்கள். ஒரே மாடலில் இரண்டு செல் பேட்டரியும் வரும், மூன்று செல் பேட்டரியும் வரும். திறந்து, பழைய பேட்டரி லேபிளில் இருக்கும் பாக எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். மூன்று செல் என்றால் பெரும்பாலும் 11.4 வோல்ட் அளவில் போட்டிருக்கும், செல்லுக்கு 3.8 கணக்கில். இரண்டு செல் என்றால் 7.6. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட முடியாது. ஒயர் எந்தப் பக்கம் வருகிறது, எத்தனை ஒயர் என்பதையும் படத்தோடு ஒப்பிடுங்கள்.

லேபிளில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஐஎஸ் 16046 என்ற எண்ணும் இருக்க வேண்டும். போலியில் அதையும் அச்சடித்து விடுகிறார்கள்தான், ஆனால் அதுகூட இல்லாததைத் தொடவே வேண்டாம். சென்னை என்றால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கிவிடலாம்.

நெல்லைவாசி (செவ்வாய், மாலை 5.45)

திறந்துவிட்டேன்! பத்து ஸ்க்ரூ வெளியே தெரிந்தது. எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லை. பின்பக்க ரப்பர் காலை உரித்துப் பார்த்தால் அடியில் இரண்டு ஒளிந்திருந்தன. ஸ்க்ரூக்களை இட்லித் தட்டில் வைத்தேன், லேப்டாப்பில் எந்த இடமோ தட்டிலும் அதே இடத்துக் குழியில்.

மூன்று செல்லில் நடுவில் இருப்பது மட்டும் அப்பளம் பொரிந்த மாதிரி நிற்கிறது. மற்ற இரண்டும் தட்டை. பேட்டரி ஒயர் போர்டில் சேரும் கனெக்டரின் இரண்டு காதிலும் நகத்தை வைத்து மெல்ல மாற்றி மாற்றி நகர்த்தி எடுத்தேன், ஒயரை இழுக்கவில்லை. பேட்டரியைப் பிடித்திருந்தது நான்கு ஸ்க்ரூ. எடுத்துவிட்டு டச்பேடை அழுத்தினேன். டிக்! அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

11.4 வோல்ட், 42 வாட் அவர் என்று இருக்கிறது. பாக எண்ணைப் பார்த்து 2,300 ரூபாய்க்கு ஆர்டர் போட்டாயிற்று. வரும் வரை பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஓட்டலாமா? பழையதை என்ன செய்வது? இப்போதைக்கு மண்சட்டியில் காய்ந்த மணல் போட்டுப் புதைத்து மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மதுரைக்கடை (செவ்வாய், இரவு 8.15)

மண்சட்டி யோசனை பிரமாதம். கனெக்டர் முனையில் செலோ டேப் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். குப்பை வண்டியில் போடாதீர்கள், கூரியரிலும் அனுப்பாதீர்கள். 2022ஆம் ஆண்டு வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும்தான் பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பப் பொறுப்பு. அந்த நிறுவனத்தின் சேவை மையத்திலோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுங்கள்.

சார்ஜரில் மட்டும் பெரும்பாலான லேப்டாப் ஓடும். சில மாடல் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும். கரண்ட் போனால் செய்த வேலை போச்சு, அடிக்கடி சேவ் செய்யுங்கள்.

நெல்லைவாசி (சனி, மதியம் 1.20)

பேட்டரி வந்தது, மாட்டினேன். ஆன் ஆகவில்லை!! விளக்குகூட எரியவில்லை. ஏதாவது சுட்டுவிட்டேனா? கை நடுங்குகிறது.

வால்டேஜ்வாசு (சனி, மதியம் 1.24)

சார்ஜரைச் செருகினீர்களா அக்கா? புது பேட்டரி பலவும் தூங்கும் நிலையில்தான் வரும். ஒருமுறை சார்ஜர் கொடுத்தால்தான் எழுந்திருக்கும்.

நெல்லைவாசி (சனி, மதியம் 1.31)

செருகினேன், எரிகிறது! கடிகாரம் மட்டும் ஏதோ பழைய தேதி காட்டியது, இன்டர்நெட் வந்ததும் சரியாகிவிட்டது. நீங்கள் சொல்லாவிட்டால் மறுபடி கழற்றியிருப்பேன்.

மதுரைக்கடை (சனி, மாலை 4.00)

நல்லது. லேப்டாப் நிறுவனத்தின் செயலியிலோ பயாஸிலோ (ஆன் ஆகும்போதே வரும் அடிப்படை செட்டிங்) சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி பல மாடல்களில் இருக்கும். இருந்தால் இன்றே போட்டுவிடுங்கள். ட்யூஷன் நேரம் முழுக்க சார்ஜரில் இருந்தாலும் பரவாயில்லை.

நெல்லைவாசி (சனி, இரவு 7.50)

போட்டாயிற்று. ஒரே ஒரு வெட்கக்கேடு. எல்லாம் மூடிய பிறகு இட்லித் தட்டில் ஒரு ஸ்க்ரூ மிச்சம். மற்றதைவிட நீளம். முன்பக்க இடது மூலை ஓட்டை காலியாக இருக்கிறது, அதில் முடுக்கிவிடட்டுமா?

மதுரைக்கடை (சனி, இரவு 7.58)

வேண்டவே வேண்டாம். முன்பக்கத்துக்குப் பெரும்பாலும் குட்டை ஸ்க்ரூதான். நீளமானதை முடுக்கினால் கை வைக்கும் இடத்தைத் துளைத்துக்கொண்டு மேலே எட்டிப் பார்க்கும். அது கீல் பக்கத்து ஸ்க்ரூ. பின்பக்கம் எங்கோ குட்டையைப் போட்டிருப்பீர்கள். ரப்பர் காலுக்கு அடியில் உள்ள இரண்டையும் முதலில் பாருங்கள்.

நெல்லைவாசி (சனி, இரவு 8.20)

வலது காலுக்கு அடியில். இடம் மாற்றிவிட்டேன்.